கேள்வி – பதில்: 'பாசிட்டிவ்' என்றால் நோயாளியா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. முகாமில் எனக்கும் 'பாசிட்டிவ்' என்றார்கள். ஆனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மரபணு மாறியிருந்தால் நோய் வந்துதானே தீரும்? – ஒரு வாசகி, கூடலூர்

பதில்: வந்தே தீரும் என்பதில்லை. இந்த மரபணுவில் நமக்கு இரண்டு பிரதிகள்: தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பகுதி பீட்டா குளோபின் என்ற புரதம். அதற்கான மரபணுவில் ஓரிடத்தில் அடினைன் என்ற 'எழுத்து'க்குப் பதில் தைமின் என்ற 'எழுத்து' வந்துவிடுகிறது. அதனால் புரதத்தின் 6-வது இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் போய் வேலின் என்ற வேறொன்று உட்காருகிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஆக்சிஜனை இறக்கியதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளக் கம்பிகளாகி, சிவப்பணுவை அரிவாளாக வளைத்துவிடும். வளைந்த அணு நுண்குழாய்களை அடைக்கிறது, வலி அதனால்தான். 120 நாள் வாழவேண்டிய அணு 10–20 நாளில் உடைகிறது, சோகை அதனால்.

இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் இவ்வளவும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் நீங்கள் கடத்தி (கேரியர்), அதாவது நோயாளி அல்ல, மாறிய மரபணுவைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடியவர்; பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது.

முகாமில் செய்வது பெரும்பாலும் கரைதிறன் சோதனை. கரைசல் கலங்கி, குழாய்க்குப் பின்னால் உள்ள கறுப்புக் கோடுகள் மறைந்தால் பாசிட்டிவ். கடத்திக்கும் மறையும், நோயாளிக்கும் மறையும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதை நம்பவே கூடாது. கருவில் இருந்தபோது உருவான வகை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால் நோய் இருந்தும் நெகட்டிவ் காட்டலாம். எனவே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடத்தியிடம் 'எஸ்' வகை (மாறிய ஹீமோகுளோபின்) சுமார் 35–40 சதவீதம், மீதி பெரும்பாலும் 'ஏ' (இயல்பானது). அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்றிய ரத்தத்தின் 'ஏ' கலந்து முடிவு குழம்பும், மூன்று மாதம் பொறுப்பது நல்லது.

கணவருக்கும் (மணமாகாதவரென்றால், பார்க்கும் வரனுக்கும்) அதே பரிசோதனை வேண்டும். இருவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்பது தப்புக் கணக்கு.

அக்கா மகனுக்குத் தண்ணீர் குறையக் கூடாது, குளிரும் ஆகாது. காய்ச்சல் கண்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி. ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து தந்திருந்தால், வலி இல்லையென்று நிறுத்திவிடாமல் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே தொடரவேண்டும்.

கேள்வி: இவ்வளவு கெடுதலான மாற்றம் ஏன் அழிந்துபோகவில்லை? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: மலேரியாதான் காரணம். பால்சிபேரம் என்ற கொடிய வகை மலேரியா முற்றி உயிரைப் பறிப்பதிலிருந்து கடத்திகளுக்கு நல்ல பாதுகாப்பு உண்டு. அதனால் அந்தக் காய்ச்சல் பரவிய காடுகளில் கடத்திகள் பிழைத்துப் பெருகினார்கள். இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-ல்.