கம்பியைப் பிடித்தால் விட்டமின் தெரியுமா?

கேள்வி: வயது 46, சைவம். ஏழு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எப்போதும் சோர்வு, முடியும் கொட்டுகிறது. வாக்கிங்கில் பழக்கமான ஒருவர் என் கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, எந்தச் சத்து குறைவு என்று லேப்டாப்பில் முப்பது பக்க ரிப்போர்ட் எடுத்தார். புரோட்டீன் பவுடர், மல்டிவிட்டமின், முடிக்கு ஒரு மாத்திரை வாங்கச் சொல்கிறார். மாதம் 4,500 ரூபாயாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரிப்போர்ட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள். உடம்பில் விட்டமின் பி12 எவ்வளவு, இரும்புச்சத்து எவ்வளவு என்று கம்பி சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். இப்படி ரிப்போர்ட்டோடு என்னிடம் வருபவர்களைப் பார்க்கிறேன். எந்தச் சத்து குறைகிறதோ அது சரியாக விற்பவரின் பையிலேயே இருக்கும்!

"இது மருந்தே இல்லைங்க" என்பார் விற்பவர். உண்மைதான், உணவு என்றுதான் உரிமம் வாங்குகிறார்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று டப்பாவில் போட வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதி. அதைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, வாய்வார்த்தையாகச் சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் விற்கிறார்கள். கேட்பார் யாருமில்லை.

புரதம் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. 60 கிலோ என்றால் 50 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தாலே அதில் ஒன்பது, பத்து கிராம் வந்துவிடும். மீதிக்குப் பருப்பு, தயிர், வேர்க்கடலை இருக்கின்றன.

ஆனால் பி12 விஷயத்தில் நீங்கள் விதிவிலக்கு. சைவச் சாப்பாட்டில் பால், தயிர் தவிர அது கிடைக்க வழி குறைவு. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போனால் அதையும் உடம்பு சரியாக ஏற்காது. பாதம் மரத்துப்போனால் "சர்க்கரைதான்" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள், பி12 குறைந்தாலும் அதே மரப்புதான். ஹீமோகுளோபின் நன்றாக இருந்தாலும் பி12 குறைந்திருக்கலாம். வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட்டால் ரத்தசோகை மட்டும் சரியாகி, நரம்புப் பாதிப்பு உள்ளே வளரும். அதனால் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு மூன்றையும் பாருங்கள். குறைந்திருந்தால் டாக்டர் எழுதித் தரும் பி12-ஐ மட்டும் போடுங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முடி மாத்திரையை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்களா? அதில் பயோட்டின் என்ற பி வகை விட்டமின் இருந்தால் தைராய்டு ரிசல்ட்டே தப்பாக வரலாம். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.