தாலி கட்டும் நேரத்துப் படம் கலங்கியது கேமராவாலா?

தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும்போது எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிவிட்டன, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமரா வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 18-55 எம்எம் ஜூம் லென்ஸ், முழு ஜூம், எஃப்/5.6 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/15 வினாடி என்கிறீர்கள். அந்த வேகத்தில் மாப்பிள்ளையின் கை கோடாகத்தான் விழும், எந்த கேமராவாக இருந்தாலும். அதே வெளிச்சத்தில் 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதனால் ஷட்டர் வேகம் 1/125 வினாடிக்கு ஏறிவிடும். நல்ல லென்ஸ் வேண்டாம், திறமை மட்டும் போதும் என்பவர்கள் மண்டபத்து டியூப்லைட்டில் எடுத்ததில்லை போல!

ஆனால் எஃப்/1.8-இல் ஃபோகஸ் ஆழம், அதாவது படத்தில் தெளிவாக விழும் தூரம், ரொம்பக் குறைவு. ஒற்றைப் புள்ளி ஃபோகஸை மணப்பெண்ணின் கண்ணில் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம், வீடியோக்காரர் விளக்குப் பிடிக்கும் பக்கமாகவே நில்லுங்கள். முதலில் அந்த லென்ஸை ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.