சொந்தமாக ஜிபியு வாங்குவதா, கிளவுடில் வாடகைக்கு எடுப்பதா?

கீழக்கரையில் இருந்தபடியே கடலடிப் படங்களைக் கொண்டு ஏஐ மாடல் பயிற்சி செய்ய வேண்டும், கடன் வாங்கியாவது ஜிபியு (ஏராளமான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் சில்லு) போட்ட கணினி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள், கிளவுடில், அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினியை, வாடகைக்கு எடுங்கள்.

நான் மண்டபத்தில் இருக்கிறேன். மன்னார் வளைகுடாக் காணொளிகளில் கடற்புல், மணல், பவளம் ஆகியவற்றைப் பிரித்தறிய ஒரு மாடலைப் பழக்கி வருகிறேன். முதலில் நானும் கணினி வாங்கித்தான் வைத்திருந்தேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலைச் சாத்தினாலும் உப்பு உள்ளே வந்துவிடும். இரண்டாம் ஆண்டு மூடியைக் கழற்றினேன். சூடு தணிக்கும் அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விசிறியின் திருகுகள் துருவேறித் திரும்பவே இல்லை.

வாடகைக்குப் போனபோது நான் கற்ற முதல் பாடம், ஜிபியு இல்லாமல் முடியும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும் என்பது. என்னிடம் 13 மணி நேரக் காணொளி இருந்தது, ஏறத்தாழ 180 ஜிபி. 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அதை ஏற்ற 20 மணி நேரம் ஆகும். விநாடிக்கு ஒரு படம் எடுத்து, 640 பிக்சலுக்குச் சுருக்கியதும் 5 ஜிபியில் அடங்கிவிட்டது. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், ஏற்றி முடித்தேன். கரையில் கட்டிக் கிடந்தாலும் வாடகை வல்லத்துக்குக் கூலி உண்டல்லவா, எடுத்த ஜிபியு இயந்திரம் சும்மா நின்றாலும் அப்படித்தான்.

பெரிய கார்டைத் தேடி ஓட வேண்டாம். இந்த அளவு வேலைக்கு 16 ஜிபி நினைவகம் உள்ள டி4 என்ற சிறிய ஜிபியு கார்டு போதும், 80 ஜிபி உள்ள பெரிய எச்100 வேண்டியதில்லை. ஒருமுறை ஆசைப்பட்டு விலை உயர்ந்த கார்டை எடுத்தேன். ஜிபியு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் பயன்பாடு 18 சதவீதத்திலேயே நின்றது. படங்களைப் பிரித்துக் கொடுக்கும் சிபியு (கணினியின் முதன்மைச் செயலி) பின்தங்கியதால் ஜிபியு சும்மா காத்திருந்தது. தரவைப் படிக்கும் செயல்முறைகளின் எண்ணிக்கையைக் கூட்டிய பிறகுதான் அந்த எண் ஏறியது.

ஸ்பாட் என்ற மலிவு வாடகையை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால், அந்த இயந்திரம் வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் கிளவுட் நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அமேசானில் இரண்டு நிமிடமும் கூகுளில் 30 விநாடியும்தான் முன்னறிவிப்பு. நான் எடுத்திருந்த ஓர் இயந்திரம் விடியற்காலை மூன்று மணிக்குப் பறிபோனது. ஒன்பது மணி நேரப் பயிற்சியில் ஒரு செக்பாயிண்டைக்கூட (விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் இடைக்காலப் பதிவு) நான் சேமித்திருக்கவில்லை. அன்றைக்கு அழாத குறைதான். இப்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயிண்ட் எழுதுகிறேன், அதுவும் அந்த இயந்திரத்தின் வட்டில் அல்ல, தனிச் சேமிப்பகத்தில்.

சர்வர் மும்பையில் இருக்கிறதா வெளிநாட்டில் இருக்கிறதா என்பது பயிற்சிக்குப் பெரிய வேறுபாடு இல்லை, விலையை மட்டும் பாருங்கள். வேலை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. வட்டை நீக்காதவரை அதற்குத் தனிக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் மாணவரோ ஆய்வாளரோ என்றால், 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இந்தியாஏஐ திட்டத்தில் மானிய விலை ஜிபியு கிடைக்க வழி இருக்கிறது, அதையும் பாருங்கள். எதையும் வாடகைக்கு எடுக்கும் முன், 500 படங்களை மட்டும் எடுத்து காகிள் என்ற தரவு அறிவியல் தளத்தின் இலவச ஜிபியுவில் ஓட்டிப் பிழைகளைக் களைந்துவிடுங்கள். பெரிய கிளவுட் நிறுவனங்களில் புதிய கணக்குக்கு ஜிபியு ஒதுக்கீடு (எடுக்க அனுமதிக்கும் எண்ணிக்கை) பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் இருக்கும். கேட்டு வாங்க நாள்கள் ஆகலாம், எனவே அந்த விண்ணப்பத்தை இன்றே போட்டுவிடுங்கள்.