பழைய டிவி தொடர்களின் முதல் எபிசோடுகளை இன்று போய்ப் பார்ப்பதில் பயன் உண்டா? அவை முதல் நாளிலிருந்தே ஹிட்தானா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த தொடர்களில் பல, முதல் நாளில் ஹிட் இல்லை. சில தொடர்களைக் கிட்டத்தட்ட யாருமே கண்டுகொள்ளவில்லை. அந்த முதல் எபிசோடுகளை இன்று பார்ப்பதன் பெரிய பயனே எனக்கு அதுதான். பின்னால் கோடிக்கணக்கானோர் கொண்டாடிய ஒன்று, அன்று எவ்வளவு நிச்சயமில்லாமல் நின்றது என்பது கண்ணெதிரே தெரியும். ஒரு தொடரை முழுதாகப் பார்த்து முடித்ததும் மறுபடி அதன் முதல் எபிசோடுக்குப் போவது என் பழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்.

பிபிசியின் 'டாக்டர் ஹூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஒளிபரப்பு 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள். உலகமே அந்தச் செய்தியில் உறைந்திருந்தபோது, காலப்பயணம் பற்றிய ஒரு புதுத் தொடரை யார் பொருட்படுத்துவார்கள்? பார்த்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர்தான். பிபிசி அதை அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை, இரண்டாம் எபிசோடுக்குச் சற்று முன்பாக முதல் எபிசோடை மறுபடி ஒளிபரப்பியது. டிசம்பர் கடைசியில் டாலெக் என்ற இயந்திர எதிரிகள் கதைக்குள் வந்தார்கள். அந்தக் கதை முடிவதற்குள் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

அந்த முதல் எபிசோடை இன்று பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. இருட்டு, மூடுபனி. ஒரு போலீஸ்காரர் பழைய சாமான் கிடங்கின் கதவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நகர்கிறார். கதவு மெல்லத் திறக்கிறது, கேமரா உள்ளே போகிறது. தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே ஒரு போலீஸ் பெட்டி. அவசரத்துக்குக் காவல்துறையை அழைக்க அந்தக் காலத்தில் பிரிட்டன் தெருக்களில் நிறுத்தி வைத்திருந்த தொலைபேசிக் கூண்டு அது. அன்றைய பார்வையாளருக்குத் தினமும் கண்ணில் படும் சாதாரணப் பொருள். ஆனால் இந்தப் பெட்டியிலிருந்து மட்டும் ஒரு ரீங்காரம் வருகிறது. பிற்பாடு, ஒரு மாணவியின் விசித்திரமான நடத்தையால் குழம்பிப்போய் அவளைப் பின்தொடர்ந்து வரும் இரண்டு ஆசிரியர்கள் அதற்குள் நுழைகிறார்கள். ஆள் நிற்கவே இடம் போதாத கூண்டு என்று நாம் நினைத்திருக்க, அடுத்த ஷாட்டில் வெளிச்சமான, விசாலமான ஒரு அறை. விளக்கம் எதுவும் கிடையாது. அந்த ஒரு வெட்டில் தொடரின் மொத்த அடித்தளமும் புரிந்துவிடுகிறது. இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்போது அவருக்கு 24 வயது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டும் இளம்வயதுக்காரர்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த எபிசோடை இரண்டு முறை எடுத்தார்கள். முதல் முறை எடுத்ததைப் பார்த்த பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன் திருப்தியடையாமல், முழுவதையும் திரும்ப எடுக்கச் சொல்லிவிட்டார். நல்லவேளை, ஒளிபரப்பாகாத அந்த முதல் வடிவமும் அழியாமல் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் வடிவத்தில் தொடரின் நாயகனான டாக்டர் ரொம்பக் கடுகடுப்பானவர். அந்தப் போலீஸ் பெட்டிதான் அவருடைய விண்கலம், அதன் கதவுகள் சரியாக மூடாமல் மக்கர் செய்கின்றன. அந்த மாணவி, தான் 49-ஆம் நூற்றாண்டில் பிறந்தவள் என்று கணக்காகச் சொல்கிறாள். திருத்திய வடிவத்தில் அந்த எண்ணை எடுத்துவிட்டு, வேறொரு காலம், வேறொரு உலகம் என்று மட்டும் சொல்ல வைத்திருக்கிறார்கள். எத்தனை நல்ல திருத்தம்! எண் இருந்தால் அது ஒரு தகவல். எண் போனதும் அதில் மர்மம் வந்துவிட்டது. எழுதக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்த இரண்டு வடிவங்களையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பேன்.

நாம் 'முதல் எபிசோடு' என்று பார்ப்பது முதலில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கிய 'ஐ லவ் லூசி'யில் முதலில் படமாக்கிய எபிசோடு நான்காவதாகத்தான் வந்தது. 1966 செப்டம்பர் 8 அன்று 'ஸ்டார் ட்ரெக்' அமெரிக்காவில் தொடங்கியதற்கும் பின்கதை உண்டு. முதலில் எடுத்த பைலட்டை, அதாவது மாதிரி எபிசோடை, அதிகம் மூளையைக் கசக்க வைக்கிறது என்று என்பிசி தொலைக்காட்சி நிறுவனம் நிராகரித்துவிட்டது. ஆனால் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது பைலட் எடுக்கச் சொன்னது. முதல் பைலட்டின் பாத்திரங்களில் தொடருக்குத் தப்பி வந்தவர் ஸ்போக் மட்டும். இரண்டாவது பைலட்டும் முதல் வாரத்தில் வரவில்லை, மூன்றாவது வாரம்தான் வந்தது. அதனால் வரிசையாகப் பார்க்கும்போது உடையும் முகபாவமும் திடீரென மாறுவது போலத் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு மதுக்கடையில் நடக்கும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 'சியர்ஸ்'. 1982 செப்டம்பர் 30. அந்த வாரத் தரவரிசையில் 77 நிகழ்ச்சிகளில் 74-ஆவது இடம். இன்றைய ஸ்ட்ரீமிங் உலகத்தில் இப்படி ஒரு தொடக்கத்துக்கு அப்புறம் அந்தத் தொடர் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? என்பிசி விட்டுப்பிடித்தது. தொடர் 11 சீசன்கள் ஓடியது.

முதல் எபிசோடு முழுவதும் அந்த மதுக்கடைக்குள்ளேயே நடக்கிறது, கதை வெளியே தெருவுக்குப் போவதே இல்லை. ஆரம்பத்தில் ஒரு பையன் ராணுவ அடையாள அட்டையைக் காட்டி பீர் கேட்கிறான். அட்டைப்படி அவனுக்கு 38 வயது இருக்க வேண்டும். கடைக்காரர் சாம் அவனைத் திட்டவில்லை, விரட்டவில்லை. வியட்நாம் போர் எப்படி இருந்தது என்று அக்கறையாக விசாரிக்கிறார், அவ்வளவுதான். பையன் தானே மாட்டிக்கொள்கிறான். சாம் யார், எப்படிப்பட்டவர் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டுவிடுகிறோம். அப்புறம் டயான் வருகிறாள். கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பேராசிரியர் அவளை அங்கே உட்கார வைத்துவிட்டு, முன்னாள் மனைவியிடமிருந்து மோதிரம் வாங்கிவரப் போகிறார். அவள் காத்திருக்கிறாள். காத்திருக்கக் காத்திருக்க, நமக்குப் புரிவது அவளுக்கும் புரியத் தொடங்குகிறது. நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடில் இவ்வளவு வலியை வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது.

'சைன்ஃபெல்ட்' கதையும் இதே ரகம். 1989 ஜூலை 5 அன்று பைலட் வந்தது. பரிசோதனைக் காட்சியில் பார்த்தவர்கள் சுமார் என்று சொல்லிவிட்டார்கள். ரிக் லட்வின் என்ற என்பிசி அதிகாரி தன் பிரிவின் பட்ஜெட்டிலிருந்து பணம் ஒதுக்கி வெறும் நான்கு எபிசோடுகளுக்கு வழி செய்தார். அதுதான் தொடரைக் காப்பாற்றியது. பின்னால் முக்கியப் பாத்திரமாகிப்போன எலைன் அந்தப் பைலட்டில் கிடையவே கிடையாது. முதல் உரையாடல் சட்டைப் பொத்தான் பற்றியது. 1998-இல் கடைசி எபிசோடிலும் அதே பொத்தான் பேச்சு வருகிறது.

இந்தியாவிலும் இதே கதை நடந்திருக்கிறது. தூர்தர்ஷனின் முதல் பெருந்தொடரான 'ஹம் லோக்' 1984 ஜூலை 7 அன்று தொடங்கியது. மெக்சிகோவில் மிகேல் சபீதோ சமூகச் செய்திகளை நெடுந்தொடர்களில் கலந்து சொன்ன முறையைப் பின்பற்றித் திட்டமிட்டது அது. தொடக்க 13 எபிசோடுகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது, மக்கள் ஒட்டவில்லை. எழுத்தாளர் மனோகர் ஷியாம் ஜோஷி பிரசாரத்தைக் குறைத்தார். குடிக்கும் அப்பா, வேலை தேடும் மகன், மூன்று மகள்களின் ஆசைகள் என்று வீட்டுக்குள்ளேயே கதையைத் திருப்பினார். அதற்குப் பிறகு எழுந்த அலை 1985 டிசம்பர் வரை ஓயவில்லை. எபிசோடு முடிவில் நடிகர் அசோக் குமார் வந்து பேசும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே காத்திருந்தவர்கள் உண்டு. முதல் சில எபிசோடுகளோடு கதையை முடித்திருந்தால், இந்தியத் தொடர்களின் வரலாறு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசியில் வந்த 'ட்வின் பீக்ஸ்' முதல் எபிசோடை சுமார் 3 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கரையொதுங்கிய ஒரு பெண்ணின் உடல், கொன்றது யார் என்ற கேள்வி. அமெரிக்காவே அதைப் பற்றிப் பேசியது. தொலைக்காட்சி நிறுவனம் பதிலைச் சொல்லும்படி நெருக்கியது, இரண்டாம் சீசன் நடுவிலேயே கொலையாளி யார் என்று தெரிந்தது, ஆட்கள் கலைந்தார்கள். 1991 ஜூனில் தொடர் முடிந்துபோனது. என்னைக் கேட்டால், அந்தப் பிரம்மாண்டமான முதல் இரவே அதற்குச் சுமையாகிவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டம் வந்தால் அவசரமாகப் பதில் கேட்கத்தான் செய்யும்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், 'சியர்ஸ்' முதல் எபிசோடைப் பாருங்கள். தனியாகவே முழுக்கதையாக நிற்கும். 'டாக்டர் ஹூ' கறுப்பு வெள்ளை, 25 நிமிடம், நிதானமாகப் போகும். அவசரப்படாமல் உட்காருங்கள், ஒளிபரப்பாகாத வடிவத்தை அதற்கு அப்புறம் பாருங்கள், முன்னால் வேண்டாம். 'ட்வின் பீக்ஸ்' முதல் எபிசோடு மட்டும் ஒன்றரை மணி நேரம், அதற்கு ஒரு இரவை ஒதுக்கிவிடுங்கள். கொலையாளி யார் என்று இணையத்தில் தேடாதீர்கள்.