தனியே வேண்டுவது கபடமா?

கேள்வி: இறைவனிடம் எனக்குள்ள நம்பிக்கை சிறிதும் குறையவில்லை. ஆனால் மத அமைப்புகளில் நிகழும் அதிகாரப் போட்டியையும் பணப் பேராசையையும் கண்டு மனம் விலகிவிட்டது. பொது வழிபாட்டைத் தவிர்த்துத் தனியே வேண்டிக்கொள்கிறேன். இது கபடமா?

பதில்: இல்லை. நம்பாததை நம்புவதாகக் காட்டிக்கொள்வதுதான் கபடம். தாங்கள் செய்வது அதற்கு நேர்மாறானது. டென்மார்க்கின் சிந்தனையாளர் கீர்க்ககார்ட், அரசின் அரவணைப்பில் வசதியாக வாழ்ந்த தம் நாட்டுத் திருச்சபையைக் கடுமையாகச் சாடி, 1855-இல் மரணப் படுக்கையில் இருந்தபோதும் குருமார் கையால் திருவிருந்து பெற மறுத்தார். ஆயினும் கடைசி நாட்கள் வரை அவர் பிரார்த்தனையைக் கைவிடவில்லை. சமயச் சண்டைகளை வெறுத்து ஒதுக்கிய வள்ளலாரோ, இறைவனை அருட்பெருஞ்ஜோதியாகப் போற்றியதோடு, பசித்தோருக்கு உணவளிக்க 1867-இல் தருமசாலையையும் தொடங்கினார்.

அவரும் ஓர் அமைப்பை உருவாக்கினார் என்பதைக் கவனியுங்கள். கூடி வாழும் மனிதர்களுக்கு அமைப்பு தேவைப்படத்தான் செய்கிறது; அது கணக்குக் காட்ட மறுக்கும்போதும், கேள்வி கேட்பவரை இறைவனின் பகைவராகச் சித்திரிக்கும்போதும்தான் நம் ஐயம் நியாயமாகிறது. இன்னொன்றையும் அக்கறையோடு சொல்ல வேண்டும்: தனித்த நம்பிக்கையைத் தட்டிக்கேட்க யாரும் இல்லாததால், நம் விருப்பங்களையே இறைவனின் குரலாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. ஆகவே, மாற்றுக் கருத்தைத் தயங்காமல் கூறும் ஒரு நண்பரிடமாவது தங்கள் வேண்டுதல்களைப் பற்றி மனம்விட்டுப் பேசுங்கள்.