மல்லாட்டைத் தோலில் சாணம் கலக்கலாமா?

கேள்வி: சின்னதாக மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் மில் வைத்திருக்கிறேன். தோல் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. வீட்டில் 8 மாடுகள். தோலையும் சாணத்தையும் கலந்து பெல்லட் (தூளை அழுத்திச் செய்யும் சின்ன எரிகட்டி) போட்டு பாய்லர்காரர்களுக்கு விற்கலாமா? சாணம் சேர்த்தால் நன்றாக ஒட்டும் என்கிறார் மிஷின் விற்பவர்.
– ஒரு வாசகர், திண்டிவனம் பக்கம்

பதில்: ஒட்டும்தான், அதில் பொய் இல்லை. ஆனால் பாய்லர்காரர் கேட்பது எவ்வளவு சூடு, எவ்வளவு சாம்பல் என்றுதான். மல்லாட்டைத் தோல் கிலோவுக்கு ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி தரும், சாம்பலும் கம்மி. காய்ந்த சாணத்தில் கால் பங்குகூட சாம்பலாக நிற்கும், வரட்டி எரித்த அடுப்பை அள்ளிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நல்ல சரக்கை நாமே ஏன் கெடுக்க வேண்டும்? தோலுக்கு வெளிப்பசையும் அவ்வளவாகத் தேவையில்லை. அதிலேயே லிக்னின் என்ற இயற்கைப் பசை இருக்கிறது, டையில் (பெல்லட் பிதுங்கி வரும் துளைத் தகட்டில்) நசுங்கும்போது ஏறும் சூட்டில் அது இளகி, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அரைத்த தூளில் ஈரம் மட்டும் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

சாணக் கணக்கையும் போட்டுவிடுவோம். 8 மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 கிலோ என்று வைத்தால், அதில் 80 கிலோ தண்ணீர். பெல்லட் போடும் பதத்துக்குக் காய வைத்தால் 24 கிலோ தேறுவதே பெரிது. அதற்காக ஒரு மிஷினா?

உங்கள் தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது: மணல். மல்லாட்டை மண்ணுக்குள் விளைகிற காய், தோலில் ஒட்டிய மண்ணோடுதான் மில்லுக்கு வருகிறது. சலிக்காமல் போட்டால் டையும் ரோலரும் சீக்கிரமே தேய்ந்துவிடும், செலவே அங்கேதான். ஒரு கைப்பிடி தோலைத் தண்ணீரில் போட்டு அலசுங்கள், அடியில் தங்குவதைப் பார்த்தாலே புரியும்.

சாணத்தை எருவாக்குங்கள். மில்லில் மிஞ்சும் நொய்த்தோலோடு அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காக்கவும். நன்றாகச் சூடேறி, கிளறிவிட்டு, சாண வாடை போனபிறகு எடுங்கள் (தோல் மட்க மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள்). அதை வயலில் அப்படியே கொட்டலாம். மூட்டை கட்டி உரமாக விற்பதென்றால் அது 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வரும், முதலில் வேளாண் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தோல் பெல்லட் போட்டீர்களானால் ஒன்று: டையிலிருந்து விழும்போது சூடாக, கொஞ்சம் மெத்தென்று இருக்கும், உடனே சாக்கில் கட்டினால் உள்ளே வியர்த்து உதிர்ந்துவிடும். பரப்பி நன்றாக ஆறவிட்டு அப்புறம் கட்டுங்கள்.