அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் பெற்றேன். அப்பா இல்லை. அம்மா தீவிர முருக பக்தை. கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர். அவரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே என் பாரம். போனில் பேசும்போதெல்லாம் வசனம் சொல்வேன்; சண்டையில்தான் முடியும். சென்ற முறை ஊருக்குப் போனபோது அவருடைய பாராயணப் புத்தகத்துக்குள் ஒரு நற்செய்திக் கைப்பிரதியை வைத்துவிட்டு வந்தேன். அதைப் பார்த்தவர், "உன் சாமி என் பூஜை அறைக்குள் திருட்டுத்தனமாகத்தான் வருவாரா?" என்று கேட்டார். அதன்பின் சரியாகப் பேசுவதில்லை.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. சுவாமிமலையில் படியேறக் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அழைத்தார். மறுத்துவிட்டேன். விக்கிரகங்களை விடாததால்தான் இந்த வலி என்கிறார் எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா. துன்மார்க்கனை எச்சரிக்காவிட்டால் அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன் என்று வேதத்தில் கர்த்தர் சொல்லும் எசேக்கியேல் 3:18 என்னைத் தூங்கவிடுவதில்லை. நான் எச்சரிக்காமலே அம்மா போய்விட்டால் இரத்தப்பழி என்மேல் வராதா? கடைசிவரை அவர் ஏற்காவிட்டால் என்ன செய்வேன்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

முதலில் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கோபப்படுத்தியது அதுதான். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று இயேசு சொன்னார். யோவான் 9-ஆம் அதிகாரம். அந்த அக்காவுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் சபையில் முழங்காற்படியிட முடியாமல் நாற்காலியில் அமர்ந்து ஜெபிக்கும் பாட்டிமார்கள் எந்த விக்கிரகத்தை விடாமல் இருக்கிறார்கள்? அம்மாவை ஒரு நல்ல எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டோடு வசனத்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். நோயாளியால் எழுந்து போக முடியாது. அந்த நேரம் பார்த்துப் பிரசங்கம் செய்வது அன்பாகாது.

இனி எசேக்கியேல். 18-ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலர். அதற்கு மூன்று வசனங்கள் முன்னால் உள்ளதை நிறுத்தி வாசிப்பவர்கள் குறைவு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தன் ஜனங்கள் குடியிருந்த தெலாபீபுக்கு, கேபார் நதியோரத்துக்கு, எசேக்கியேல் வருகிறார். வந்தவர் ஏழு நாள் அவர்கள் நடுவே திகைத்துப்போய்த் தங்கியிருக்கிறார். போகும்போது அவருக்குள் மனக்கசப்பும் கொதிப்பும் இருந்தன என்று வேதமே சொல்கிறது. அந்தக் கொதிப்போடு அவர் வாய் திறக்கவில்லை. ஏழு நாள் முடிந்த பின்புதான் காவற்காரனாக வைக்கிறேன் என்ற வார்த்தை வருகிறது. நீங்கள் பயப்படும் வசனம் அதற்கும் அடுத்தது. நீங்கள் எந்த நாளிலாவது வசனம் சொல்லாமல் அம்மாவோடு சும்மா உட்கார்ந்திருந்தீர்களா? தவிர, நீங்கள் எச்சரிக்காதவர் அல்ல. நான்கு ஆண்டுகளாக அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு உங்கள் விசுவாசம் என்னவென்று நன்றாகவே தெரியும். அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். பயத்தில் பேசுகிற பேச்சு எதிரே இருப்பவருக்கு மிரட்டலாகத்தான் கேட்கும்.

கைப்பிரதி விஷயத்தில் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. வெளிப்படுத்தின விசேஷத்தில் கர்த்தர் வாசற்படியிலே நின்று தட்டுகிறேன் என்கிறார்; திறந்தால்தான் உள்ளே வருவேன் என்கிறார். அவர் காத்து நிற்கிற இடத்தில் நாம் சுவரேறிக் குதிக்க வேண்டியதில்லை. போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள். "ஆனாலும் அதில் எழுதியிருந்தது உண்மைதான்" என்று பின்னால் ஒட்டவைக்காதீர்கள்.

சுவாமிமலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு நாகமானிடம் போகிறேன். சீரியாவின் படைத்தலைவன், யோர்தானில் முழுகிக் குஷ்டம் நீங்கியவன். இனி கர்த்தருக்கே அல்லாமல் வேறு தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்று எலிசாவிடம் சொல்கிறான். உடனே ஒரு சங்கடத்தையும் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலுக்குள் போகும்போது என் கையின்மேல் சாய்ந்துகொள்வார், நானும் அங்கே குனிய நேரிடும், இதைக் கர்த்தர் மன்னிப்பாராக. வேதத்தில் மிகக் கண்டிப்பான தீர்க்கதரிசிகளில் ஒருவர் எலிசா. அவர் சொன்ன பதில், "சமாதானத்தோடே போ." அவ்வளவுதான். எல்லாப் போதகர்களும் இதை என்னைப்போல் வாசிக்கமாட்டார்கள் என்று அறிவேன். ஆனாலும் என் பதில் இதுதான்: கையைக் கொடுங்கள். நீங்கள் கும்பிட வேண்டாம், விபூதி பூச வேண்டாம். அம்மா அதைக் கேட்கவும் இல்லை. அவர் கேட்டது உங்கள் கையை. அறுபது படிகள், ஏறி முடிக்க நேரமாகும். அவர் மூச்சு வாங்க நிற்கும்போது நீங்களும் நில்லுங்கள். முருகனிடம் அவர் என்ன வேண்டிக்கொள்கிறார் என்று கேளுங்கள். பதிலில் உங்கள் பெயரும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கியபோது ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்கு 24 வயது நிறையவில்லை. வந்த புதிதில் ஒரு கிராமக் கோயிலின் மண்சிலைகள் சிலவற்றைத் தள்ளியும் தலையைத் தட்டியும் உடைத்தார், அவற்றுக்குச் சக்தியில்லை என்று காட்டுவதற்காக. அங்கிருந்த படித்த தமிழர் ஒருவர், இவை கடவுளே அல்ல, கடவுளின் போர்வீரர்கள் என்று விளக்கினார். உடைத்தவருக்கு எதை உடைத்தோம் என்பதே தெரியவில்லை! அதே மனிதர்தான் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1712 முதல் 1714 வரை, உடன் ஊழியர் குருண்ட்லரோடு சேர்ந்து, தமிழ் இந்துக்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் கடுமையாகச் சாடும் வரிகளும் அவற்றில் உண்டு. 1715-ல் அச்சாகி வந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் இத்தனை ஆண்டுக் கேட்டல் இருக்கிறது. உங்களுக்கு வேதத்தைத் தமிழில் தந்த வரிசையில் முதலில் நிற்பவர் அவர். உங்கள் அம்மாவின் வழிபாட்டைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்? அவர் ஏன் கிருத்திகை விரதம் எடுத்தார், எந்தக் கஷ்டத்தில் தொடங்கினார் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

அப்படியானால் சாட்சி சொல்லவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நான் முழுமனதோடு விசுவாசிக்கிற நற்செய்தியை என் அம்மாவிடம் மறைத்து வைக்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் பேதுரு, "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். அம்மா என்றாவது, உனக்கு அங்கே என்ன கிடைத்தது என்று கேட்பார். அப்போது உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். எந்த இரவில் எதற்காக அழுதீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்த வார்த்தை தாங்கியது என்று. முருகனைப் பற்றி ஒரு வார்த்தையும் குறைவாகப் பேச வேண்டாம். அவர் போதும் என்றால் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

கடைசிவரை ஏற்காவிட்டால்? அந்தக் கேள்வியை ஜெபத்தில் கர்த்தரிடமே கேளுங்கள். அம்மாவை உங்களைவிட அதிகமாக நேசிக்கிறவர் அவர் என்றுதானே விசுவாசிக்கிறோம். நான் அவருக்காகவும் உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன். ஊருக்குப் போய்வந்து எழுதுங்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.